கணித முறைகள் தாளில் என் கையெழுத்து

கடந்த மாதம் ஒரு காலையில் வளாகத்திலிருந்து கௌசி தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என்னுடைய கதிரைக்கு வந்தவள் அவள். பரீட்சைக் கிளையில் அவளை எழுதுநராகப் போட்டிருக்கிறார்களாம். கண் தெரியாத மாணவருக்குப் பக்கத்தில் இருந்து, அவர் வாயால் சொல்லும் விடையைக் கையால் எழுதிக் கொடுப்பவருக்குத்தான் அந்தப் பெயர்.

"அக்கா, ஒரு சந்தேகம். பிள்ளை பிழையாச் சொன்னா நான் என்ன செய்யிறது?"

"சொன்னபடியே எழுதுங்கோ."

"பிழையெண்டு எனக்குத் தெரிஞ்சாலுமோ?"

"தெரிஞ்சாலும்தான்."

"ஐயோ அக்கா, மனம் கேக்குமே?"

"கேக்காது," என்றேன். அதற்கு மேல் எனக்குக் கதை வரவில்லை. தொலைபேசியில் பேசுவதென்றால் எனக்கு எப்போதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பிறகு சொல்லுகிறேன் என்று வைத்துவிட்டேன். எங்கள் ஊழியர் நலன்புரிச் சங்கத்தின் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கௌசியும் அந்த மலரை வாசிப்பாள். ஆகவே அவளுக்கு வாயால் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் லிங்கநகரில் பிறந்து வளர்ந்தவள். சாதாரணதரத்தோடு படிப்பு நின்றுவிட்டது. கணிதத்தில் எனக்குக் கிடைத்தது வெறும் சித்தி, மட்டுமட்டான தேர்ச்சி. அதுவும் கேத்திரகணிதப் பக்கம் போகாமல் கிடைத்தது. சில காலம் ஓர் அச்சகத்தில் தாள் மடித்தேன். பிறகு வளாகத்தில் காரியாலய உதவியாளராக வேலை கிடைத்தது. கோப்புகளைக் கொண்டுபோவது, பயிற்சித் தாள்களைப் பிரதி எடுப்பது, கட்டுக்கட்டாகப் பிரித்துப் பெயர் எழுதி வைப்பது, விரிவுரை மண்டபங்களின் கரும்பலகையைத் துடைப்பது. முழங்கால் ஏலாமல் போய் நேரத்தோடே ஓய்வு எடுக்கும்வரை இதுதான் என் வேலை. யாராவது என்னோடு கதைத்தால் நான் அவர்களுடைய செருப்பைத்தான் பார்ப்பேன். விரிவுரையாளர்கள் பலரை எனக்கு முகத்தைவிடச் செருப்பால் நன்றாகத் தெரியும்.

பரீட்சைக் கிளைக்குப் பொறுப்பாக இருந்தவர் அருளம்பலம் ஐயா. எந்த வெயிலிலும் நீளக் கைச் சட்டைதான் போடுவார். வினாத்தாள் உறைகளை வேறு ஒருவரிடமும் கொடுக்காமல் தானே ஒட்டுவார். ஒட்டிய பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே எழுத்துத் தெரிகிறதா என்று பார்ப்பார். எழுதிக்கொண்டிருக்கும்போது யாராவது போனால், பேனாவின் மூடியைப் போட்டுவிட்டுத்தான் வாய் திறப்பார். மூடி போடாமல் அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உயர்தரத்தில என்ன பாடம் எடுத்தனீர்?"

"உயர்தரம் படிக்கேல்லை ஐயா."

"கணிதம், பௌதிகவியல் எண்டு வெளியில ஏதும் படிச்சதோ?"

"இல்லை ஐயா."

"வீட்டில ஆரும் கணிதம் படிப்பிக்கினமோ?"

"இல்லை ஐயா."

"நல்லது," என்றார்.

நான் படிக்கவில்லை என்று சொன்னபோது நல்லது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். பிறகு விளக்கினார். எழுதுநராக இருப்பவருக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்கக் கூடாது என்பது விதி. தெரிந்தவர் தன்னை அறியாமலே உதவி செய்துவிடுவார். காரியாலயத்தில் இருந்த லிகிதர்கள் எல்லோரும் உயர்தரம் படித்தவர்கள், சிலர் விஞ்ஞானப் பிரிவு. பயிற்சித் தாள் கட்டுகளில் நான் எழுதும் பெயர்களைப் பார்த்து, என் எழுத்து தெளிவு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெளிவான எழுத்தும் தெரியாத பாடமும் ஒரே ஆளிடம் இருந்தது வசதியாகப் போயிற்று.

ஆனாலும் அவர் உடனே என்னை எடுக்கவில்லை. ஒரு தாளைத் தள்ளினார்.

"எழுதும். ஏழு சக ஐந்து சமன் பதின்மூன்று."

எழுதினேன். தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"நான் என்ன சொன்னனான்?"

"பதின்மூண்டு எண்டு சொன்னீங்கள் ஐயா."

"நீர் என்ன எழுதியிருக்கிறீர்?"

தாளில் பன்னிரண்டு என்று இருந்தது. நான் அப்படி எழுதியது எனக்கே தெரியாது.

"உமக்குக் காது நல்லாக் கேக்குது," என்றார். "கைதான் சொல்வழி கேக்குதில்லை."

அதன்பிறகு மதியச் சாப்பாடு முடிந்ததும் அவருடைய அறைக்குப் போவேன். பிழையான கணக்கெல்லாம் சொல்லுவார். சூரியன் மேற்கே உதிக்கிறது என்பார். கடற்கரை ஊரான மட்டக்களப்பை மலைநாட்டில் இருக்கிறது என்பார். சிரிக்காமல் எழுத வேண்டும். எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொல்லுவார். அதுதான் எழுதுவதைவிடக் கடினம். "பிழையான இடத்தில ஒரு மூச்சு நிண்டாலும் அது உதவிதான் பிள்ளை. குரலில மேடு பள்ளம் இருக்கப்படாது," என்பார். சில நாள் கழித்து அவருக்குத் திருப்தி வந்தது. "உம்மட குரல் இதுக்கு நல்லம். ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாத குரல்," என்றார். அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

நான் எழுத வேண்டியிருந்தது நஸ்ரினுக்கு. குறிஞ்சாக்கேணிப் பிள்ளை. வாப்பா களப்பில் மீன் பிடிப்பவர். உயர்தரம் எடுக்கும்போதே அவளுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. இரண்டாம் வருடம் வந்தபோது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். விஞ்ஞான பீடத்தில் இருந்தவர்கள் ஒருவரும் அவளை வெறுக்கவில்லை. இப்படி ஒரு மாணவி முன்பு வந்ததில்லை என்பதால் என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. பௌதிகவியலை விட்டு வேறு பாடம் எடுக்கலாமே என்று அன்பாகத்தான் சொன்னார்கள். அவள் மாட்டேன் என்றாள். கடைசியில் ஒரு முடிவு எடுத்தார்கள். இரண்டாம் வருடத்தில் 'கணித முறைகள்' என்று ஒரு பாடம் உண்டு. பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு மேல் வகுப்புகளில் தேவைப்படும் கணிதம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. எழுதுநரோடு பரீட்சை எழுதி அதில் 'சி' எடுத்தால் பௌதிகவியலில் இருக்கலாம். எடுக்காவிட்டால் வேறு பீடத்துக்கு மாற வேண்டும்.

முதல் நாள் அவள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கையை நீட்டினாள்.

"நீங்கதானா என்ட கை?"

நான் அந்தக் கையைப் பிடித்தேன்.

"ஒங்கட பேர் என்ன?"

"திரேசா."

"பேச மாட்டீங்களா?"

"பேசுவன்."

"எப்ப?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு என் செருப்பும் தெரியாது, நான் எங்கே பார்க்கிறேன் என்பதும் தெரியாது. அதனாலோ என்னவோ, அவளோடு கதைக்க எனக்குக் கூச்சம் குறைவாக இருந்தது.

பழக்கத்துக்காக, பயிற்சித் தாள்களை அவள் சொல்ல நான் எழுதிப் பார்க்கலாம் என்று அருளம்பலம் ஐயா அனுமதி தந்திருந்தார். எனக்கு அந்தக் குறிகள் ஒன்றும் தெரியாது. தொகையீட்டுக் குறியை அவள் வாயால் விளக்கினாள். "எஸ் எழுத்தப் பிடிச்சு மேலயும் கீழயும் இழுத்த மாதிரி," என்றாள். எழுதிப் பார்த்துவிட்டு, "இது தூண்டில் முள்ளுப் போலக் கிடக்கு," என்றேன்.

"தூண்டிலா?" அவள் கை தட்டிச் சிரித்தாள். "என்ட வாப்பாக்குச் சொல்லணும். நான் கெம்பசுக்குப் போயும் தூண்டில்தான் போடுறன்ண்டு."

அன்றிலிருந்து அது தூண்டில். பின்னத்தில் மேலே வருவதை மாடி என்றோம், கீழே வருவதை நிலம் என்றோம். வர்க்கமூலத்துக்குக் கூரை. "தூண்டில், பூச்சியத்தில இரிந்து எல் வரைக்கும். உள்ளுக்கு மாடியில பை, நிலத்தில எல்" என்று அவள் வேகமாகச் சொல்லிக்கொண்டு போவாள். சொற்களை முன்கூட்டியே பரீட்சைக் கிளைக்குக் காட்ட வேண்டும். அருளம்பலம் ஐயா ஒவ்வொன்றாகக் கேட்டார். "தூண்டில் எண்டு சொல்லுறதால விடைக்கு ஏதும் உதவி வருமோ?" என்றார். இல்லை என்றதும் பேனாவைத் திறந்து, தூண்டில் என்று தன் கையாலேயே கோப்பில் எழுதிக்கொண்டார்.

பாடம் எடுத்தவர் மயூரன் சேர் என்ற இளம் விரிவுரையாளர். பலகையைத் தொட்டுத் தொட்டு, "இதை இதால பெருக்கினா இது வரும்" என்று சொல்லிக்கொண்டு போகிற பழக்கம் அவருக்கு.

"சேர், எதை எதால?" என்று நஸ்ரின் எழும்பிக் கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவருடைய முகம் சிவந்துபோயிற்று. அவர் கெட்டவர் அல்லர், கண்ணுள்ளவர், அவ்வளவுதான். அடுத்த வகுப்பிலிருந்து ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே எழுதினார்.

அதிரும் தந்தியைப் பற்றிய கணக்கு வந்தபோது அவளுக்கு அது பிடிபடவில்லை. மயூரன் சேர் துறைமுகப் பக்கம் போய் வள்ளம் கட்டுகிற நைலோன் கயிறு ஒன்று வாங்கி வந்தார். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினார். மற்ற முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். பலகை துடைக்க வந்த நான்தான் அறையில் இருந்தேன். கயிற்றை ஆட்டிவிட்டு, நஸ்ரினின் விரல்களை அதன்மேல் வைத்தார்.

"சேர், நடுவில ஒரு இடம் அசையல்ல!"

"அதுதான் கணு. மற்ற இடம் எல்லாம் மேல போய்க் கீழ வருது என்ன? அந்தத் திரும்பி வாறதுதான் முக்கியம். நீ மாறிலிக்கு முன்னால சய போடுறது அதுக்காகத்தான். சய இல்லாட்டி கயிறு போனது போனதுதான். திரும்பி வராது, ஆடாது."

சய என்றால் கழித்தல் குறி என்பது எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். அது ஒரு கயிற்றைத் திரும்பி வரச் செய்யும் என்பது அன்றுதான் தெரிந்தது. என் கையிலும் அந்தக் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. காதை மூடிக்கொண்டு கயிறு பிடிக்க முடியாதே.

அதன்பிறகு அந்தக் கணக்கைப் பலமுறை எழுதினோம். "சமன், சய, லாம்டா வர்க்கம்" என்று அவள் சொல்லுவாள். லாம்டா என்பது கால் இரண்டையும் அகட்டி நிற்கிற ஆள் மாதிரி ஓர் எழுத்து. அவள் வாய் திறக்குமுன்பே என் கை அந்தச் சிறு கோட்டுக்குத் தயாராகிவிடும்.

பரீட்சைக்கு முன் ஒருநாள் கன்ரீனில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தோம். அவளுடைய வகுப்புப் பெடியன் சஜீவன், எல்லோரையும் நக்கலடிக்கிறவன், பக்கத்து மேசையில் இருந்தான்.

"உனக்கென்ன நஸ்ரின், ரெண்டு மூளையோட பரீட்சைக்குப் போறாய். ஒண்டு உன்ர, மற்றது திரேசாக்கான்ர."

"அக்கா ஓ எல் மட்டும்தான்டா படிச்சது."

"அது அப்ப. இவ்வளவு நாளா எழுதி எழுதி இப்ப புரொபசர் ஆகியிருப்பா."

மேசைகள் எல்லாம் சிரித்தன. நஸ்ரினும் சிரித்தாள். ஆனால் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் பெயிலானா, கண் தெரியாதவளுக்கு எதுக்கு இந்தப் பாடம்ண்டு கேப்பாங்க. பாசானா, அக்காதான் சொல்லிக் குடுத்தாண்டு கதைப்பாங்க. அப்ப நானாப் பாசாகிறது எப்பிடி?"

பஸ் வந்தது, ஏற்றிவிட்டேன்.

பரீட்சை மேல்மாடியில் ஒரு சின்ன அறையில் நடந்தது. மேற்பார்வைக்கு அருளம்பலம் ஐயாவே வந்தார். ஜன்னலுக்கு அருகில் கதிரையைப் போட்டு, எங்கள் இருவரையும் பார்க்கக்கூடிய மாதிரி இருந்தார். சீனன்குடாவிலிருந்து எழும்பும் பயிற்சி விமானம் மேலால் போகும்போது மூவரும் பேசாமல் இருப்போம். சத்தம் அடங்கியதும் நஸ்ரின் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். தாயங்கள், சிக்கல் எண்கள், தொடர்கள் என்று முதல் வினாக்கள் ஒழுங்காகப் போயின. ஆங்கிலத்தில் வாக்கியம் வரும்போது ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லுவாள். அவளுடைய தலை சற்றுச் சாய்ந்திருக்கும். முழுக் கணக்கும் அந்தத் தலைக்குள்ளேதான் வரிவரியாக நின்றது. எனக்கு அதை நினைக்க இன்றைக்கும் ஆச்சரியம்.

கடைசியில் தந்திக் கணக்கு வந்தது. நிறையப் புள்ளி அதற்குத்தான்.

"எழுதுங்க அக்கா. மாடியில பெரிய எக்ஸ், ரெண்டு தரம் வகையிட்டது. நிலத்தில பெரிய எக்ஸ். சமன். லாம்டா வர்க்கம்."

என் பேனா சமன் குறிக்குப் பக்கத்தில் அந்தக் கோட்டுக்காகக் காத்து நின்றது. சய வரவில்லை. லாம்டாவை எழுதினேன். மேலே சிறிதாக இரண்டு போட்டேன். அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

களைப்பால் விட்டிருக்கலாம். அவசரத்தால் விட்டிருக்கலாம். அந்தக் குறி இல்லாமல் அவள் மேலே மேலே கட்டிக்கொண்டு போனாள். வழக்கமாக இந்தக் கணக்கில் சைன், கொசைன் என்று வரும். இப்போது வேறு ஏதேதோ வந்தது. ஈ, அடுக்கு லாம்டா எக்ஸ். ஈ, அடுக்கு சய லாம்டா எக்ஸ். பிழை என்று தெரிந்துகொண்டே ஒவ்வொரு வரியையும் என்னுடைய மிக நல்ல எழுத்தில் எழுதினேன். பேனா வியர்வையில் வழுக்கியது. ஒரு சின்ன இருமல் போதும், அவள் பிடித்துவிடுவாள். அவ்வளவு கூர்மையான பிள்ளை. அருளம்பலம் ஐயாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை; என் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் மேல இரிந்து வாசிங்க அக்கா."

வாசித்தேன். சமனுக்குப் பிறகு மற்ற இடங்களில் எவ்வளவு விடுவேனோ அவ்வளவே விட்டேன். லாம்டா வர்க்கம் என்றேன். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ம், சரி. மேல எழுதுங்க."

அந்தச் 'சரி'யையும் கேட்டுக்கொண்டு மேலே எழுதினேன். கௌசி, மனம் கேட்காது என்று நான் உங்களுக்குச் சொன்னது இந்த இடத்தைத்தான். கேட்காத மனத்தோடுதான் எழுத வேண்டும்.

தந்தியின் இரண்டு முனையும் கட்டியிருக்கிறது. ஆகவே இரண்டு இடத்திலும் அசைவு பூச்சியம். அதை அவள் கணக்கில் போட்டாள். தாள் நிறைந்து அடுத்த தாளுக்கு வந்தோம்.

"அப்ப பீ சமன் சய ஏ. மற்ற முனையில போட்டா, ஏ சமன் பூச்சியம். அப்ப பீயும் பூச்சியம். அப்ப…"

நிறுத்தினாள்.

"எல்லாமே பூச்சியமாப் போகுது."

அவளுடைய கைகள் மேசையிலிருந்து எழும்பின. கயிற்றில் விரல் வைத்தது போலவே காற்றில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கயிறு ஆடல்லயே. கயிறு ஆடத்தானே வேணும்," என்று தனக்குத் தானே சொன்னாள். பிறகு, "அக்கா, தொடக்கத்தில இரிந்து வாசிங்க."

மறுபடி வாசித்தேன். அதே குரல். சமன், லாம்டா வர்க்கம் என்று வாசித்து அடுத்த வரிக்குப் போனபோது அவள் மேசையில் அடித்தாள்.

"நில்லுங்க! யா அல்லாஹ். அந்த லாம்டாக்கு முன்னால சய போடுங்க. அதுக்குப் பிறகு எழுதினது எல்லாத்தையும் வெட்டுங்க."

சயவைப் போட்டேன். இரண்டு பக்கத்துக்குக் குறுக்கே நீளக் கோடு இழுத்தேன். அவள் மூச்சு விடாமல் சொல்லத் தொடங்கினாள். எழுத எழுத எனக்கு விரல் மரத்துப்போனது. சைன் வந்தது. லாம்டா சமன், மாடியில் 'என்' பை, நிலத்தில் 'எல்' என்று வந்தது. இனித் தொடக்கத்தில் தந்தி எந்த வடிவத்தில் இருந்தது என்பதை வைத்துத் தூண்டில் போட வேண்டும். கணக்கின் பாதிப் புள்ளி அங்கேதான்.

"தூண்டில், பூச்சியத்தில இரிந்து…"

"நேரம் முடிஞ்சுது பிள்ளை," என்றார் அருளம்பலம் ஐயா. பேனாவை வைத்தேன்.

படி இறங்கும்போது நான் கையைப் பிடிக்கப் போனேன்; நஸ்ரின் வேண்டாம் என்று சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள்.

முடிவு வந்தது. சி. பௌதிகவியலிலேயே இருக்கலாம். அவளுடைய உம்மா ஒரு பெரிய தட்டு நிறையத் தொதல் என்ற இனிப்புச் செய்து அனுப்பியிருந்தார். பீடத்தில் எல்லோரும் சந்தோசப்பட்டார்கள், வேறு பாடம் எடுக்கச் சொன்னவர்களும்தான். நானும் தொதல் சாப்பிட்டேன். பரீட்சை அறையில் நடந்ததைப் பற்றி நானும் கதைக்கவில்லை, அவளும் கதைக்கவில்லை.

அடுத்த பரீட்சைக் காலம் வந்தபோது அருளம்பலம் ஐயா மறுபடி கூப்பிட்டார். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடினார்.

"நஸ்ரின் உம்மைத்தான் கேக்கிறா. வேற ஆள் வேண்டாமாம்."

"ஓம் ஐயா. வாறன்."

"அதுக்கு முதல் ஒரு கேள்வி. அண்டைக்கு அந்தப் பிள்ளை சயவை விட்டுட்டுது. அது உமக்கு அப்பவே தெரிஞ்சதோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவரால் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் அவர் கேட்ட விதத்தில் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"ஓம் ஐயா."

"எப்பிடித் தெரியும்?"

"சய இல்லாட்டி கயிறு திரும்பி வராது ஐயா."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. துக்கம் விசாரிக்கிறவரைப் போலத்தான் சொன்னார்.

"அப்ப இனி ஏலாது பிள்ளை. உமக்குப் பாடம் தெரியும்."

படியில் இறங்கும்போது கவலையாகத்தான் இருந்தது. ஆனால் நடுப்படியில் நின்று, அவர் சொன்ன கடைசி மூன்று சொல்லையும் எனக்குள் மறுபடி சொல்லிப் பார்த்தேன். அதை அதுவரை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.

நஸ்ரினை நான்தான் போய்ச் சந்தித்தேன். கன்ரீனில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்து, இனி உங்களுக்கு எழுத என்னை விடமாட்டார்களாம் என்றேன்.

"ஏனாம்?"

"எனக்குப் பாடம் தெரியுமாம்."

முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது.

"அப்ப அண்டைக்கு நான் சயவ விட்டது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"நீங்கள் சொன்ன உடனேயே."

"ரெண்டு பக்கம் நான் பிழைபிழையாச் சொல்லச் சொல்ல, தெரிஞ்சு கொண்டுதான் எழுதினீங்களா?"

"ஓம்."

"வாசிக்கச் சொன்னனே, அப்பயும்?"

"அப்பவும்தான்."

"கல்லு மனசு அக்கா ஒங்களுக்கு."

விதியைச் சொல்லலாம். அது அவளுக்கும் தெரியும். அவள் தேநீர்க் கிளாசை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு வந்த கோபம் நியாயமானது. என் பிள்ளையாக இருந்தால் எனக்கும் வந்திருக்கும்.

சுற்றிக்கொண்டிருந்த கிளாஸ் நின்றது.

"சஜீவன்!" என்று கன்ரீன் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டாள். "எங்கடா இரிக்காய்?"

"இஞ்சதான். என்ன?"

"அக்காவ இனி எனக்கு எழுத விடமாட்டாங்களாம். அக்காக்குப் பாடம் தெரியுமாம். பரீட்சைக் கிளையிலயே சொல்லிட்டாங்க."

"நான் அப்பவே சொன்னனான்!" என்று சஜீவன் மேசையைத் தட்டினான். நான் குனிந்துகொண்டேன்.

"வாய மூடிட்டுக் கேளு. தந்திக் கணக்கில நான் சயவ விட்டுட்டன். அக்காக்கு அது உடனே தெரியும். தெரிஞ்சும் வாயத் திறக்கல்ல. ரெண்டு பக்கமும் பிழையாவே எழுதினா, பிழையாவே வாசிச்சா. சொல்லித் தந்திருந்தா எனக்கு ஏ வந்திருக்கும்டா. வந்தது சீ!"

சஜீவன் என்னைப் பார்த்தான். முதல் தடவையாக அவனிடம் நக்கல் இல்லை.

"உண்மையாவோ திரேசாக்கா?"

தலையாட்டினேன்.

"எண்டாலும் அக்கா, ஒருக்கா இருமியாவது இருக்கலாம்."

எனக்கு முந்தி நஸ்ரின் சொன்னாள்.

"இருமியிருந்தா அது என்ட சீ இல்லடா."